பின்விளக்கைப் பார்த்து வந்த கல்யாண வேன்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே கால் மணிக்குப் பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தேன். கார் வாங்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ஊர் எல்லையைத் தாண்டி நான் ஓட்டிப் போவது அதுவே முதல் தடவை. பக்கத்து இருக்கையில் என் நாத்தனார் வளர்மதி. அரியலூர், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வழியாக மீன்சுருட்டிக்குப் போகவேண்டும். அங்கே அவளுடைய பெரியம்மா வீட்டில் மதியம் விருந்து.

வண்டியைக் கிளப்பியதுமே முன்னால் இரண்டு வெள்ளைக் கீற்றுகள் தாமாக எரிந்தன. பகலிலும் எதிரே வருபவர்கள் நம்மைக் கவனிப்பதற்காக இந்த விளக்கு எப்போதும் எரியும் என்று கார் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். எரிகிறதே, வேறென்ன வேண்டும் என்று நான் எந்த சுவிட்சையும் தொடவில்லை.

பேரளியைத் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. எதிரே பைக்கில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கைவிரல்களைக் குவித்துக் குவித்து விரித்தார். அடுத்து பால் வண்டிக்காரர். அதற்கடுத்து மாடு ஓட்டி வந்த ஒரு பெண்மணி.

"என்ன அண்ணி, எல்லாரும் டாட்டா காட்டுறாங்க?" என்று வளர்மதி பதிலுக்குக் கையசைத்தாள்.

"டாட்டா இல்லடி. லைட் எரியுது, அணைங்கன்னு சொல்றாங்க."

"அணைக்க வேண்டியதுதான?"

"இத அணைக்க முடியாது. அதுவா எரியும்."

அதன்பிறகு அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, கை காட்டியவர்களிடமெல்லாம் "அதுவா எரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அரியலூர் போய்ச் சேரும்வரை சிரித்தோம்.

ஏழு மணிக்கு அரியலூரில் ஒரு டீ குடித்தோம். டவுனை விட்டு வெளியேறியதும் பனி இறங்கிவிட்டது. முதலில் வயல்களின் மேல் நின்றது, பிறகு சாலைக்கே வந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஹாரன் சத்தமாக மட்டுமே வந்து போயின. முப்பதில் ஓட்டியவள் இருபதுக்கு இறங்கினேன்.

உடையார்பாளையத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்போது, மண்ணில் இறக்கி நிறுத்தியிருந்த ஒரு வேன் தெரிந்தது. பட்டு வேட்டி கட்டிய இளைஞன் ஒருவன் சாலையோரம் நின்று கையை நீட்டினான். நெற்றியில் சந்தனம். மாப்பிள்ளையேதான், பெயர் செந்தில்.

"அக்கா, வேன்ல ஹெட்லைட் ரெண்டும் போயிடுச்சு. ஒம்பது மணிக்குள்ள தாலி கட்டணும். டிரைவர் எடுக்க மாட்டேங்கிறாரு."

"எப்படிங்க எடுக்கிறது? உள்ள பத்துப் பதினஞ்சு பேரு இருக்காங்க. எனக்கு ரோடே தெரியல" என்றார் டிரைவர். வேனின் பின்விளக்குகள் மட்டும் எரிகின்றன என்றார். "நீங்க முன்னாடி போனா, உங்க செவப்பு லைட்டப் பாத்துக்கிட்டே வந்துருவேன்."

ஓட்டத் தெரிந்தவர்கள் யாரையாவது கேட்கச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் வளர்மதி இறங்கி காருக்குப் பின்னால் போயிருந்தாள். அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"அண்ணி, பின்னாடி ஒண்ணுமே எரியல."

அப்போதுதான் புரிந்தது. தானாக எரிந்தது முன்விளக்கு மட்டும்தான். அரியலூரிலிருந்து அந்தப் பனியில், பின்னால் வந்த லாரிக்காரர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரிந்திருக்காது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த குச்சியின் நுனியைத் திருப்பினேன். முதல் திருப்பில், "ஆங், செவப்பு எரியுது" என்றாள். இரண்டாவது திருப்பில் ஹெட்லைட் வந்தது. நிறைய வெளிச்சம் வேண்டுமே என்று குச்சியை முன்னால் தள்ளினேன். எதிரே பனி வெள்ளைச் சுவராக எழுந்து, தெரிந்த சாலையும் மறைந்தது. மறுபடி இழுத்து டிம் ஆக்கியதும் தார் ரோட்டின் ஓரக் கோடு தெளிந்தது. அந்தக் கோடு போதும் என்று தைரியம் வந்தது.

"வாங்க, போவோம்" என்றேன்.

கிளம்பிய பிறகுதான் இன்னொரு சிக்கல் புரிந்தது. விளக்கில்லாத வேன் என் கண்ணாடியில் தெரியவே இல்லை. வருகிறார்களா, நின்றுவிட்டார்களா? வண்டியை நிறுத்தவும் பயம். வளர்மதி தலையை வெளியே நீட்டி, "வரீங்களா?" என்று கத்தினாள்.

பதிலுக்குப் பனிக்குள்ளிருந்து தவில் சத்தம் கேட்டது. வேனில் மேளக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். தவில்காரர் அடித்துக்கொண்டே வந்தார். சத்தம் தேய்ந்தால் நான் வேகத்தைக் குறைத்தேன். நெருங்கினால் கொஞ்சம் கூட்டினேன். சற்று நேரத்தில் நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. என் தோள்கள் தளர்ந்தன. பனிக்குள் ஒரு பெட்டிக்கடைக்காரர் எழுந்து நின்று, எங்கிருந்து கல்யாணம் வருகிறது என்று நாலு பக்கமும் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எட்டரைக்கு உடையார்பாளையம். மண்டப வாசலில் பெண் வீட்டார் தவித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது எங்கள் கார் என்பதால் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து எங்களுக்கே சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். "மாப்பிள்ள பின்னாடி வராருங்க" என்று வளர்மதி சொல்லித்தான் தட்டு நகர்ந்தது.

வாசலோடு விடைபெற நினைத்தோம். செந்திலின் அம்மா என் கையை விடவில்லை. "சாப்புடாம போனா நான் வுட மாட்டேன். தாலி கட்றதையும் பாத்துட்டுத்தான் போவணும்." நேரத்துக்குள் தாலி ஏறியது. நாங்களும் அட்சதை போட்டோம். பெண்ணின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

பந்தியில் கேசரி, வெண்பொங்கல், வடை. வேன் டிரைவர் எதிர் இலையில் உட்கார்ந்து, முதல் தடவையாகச் சிரித்தார். வெளியே வெயில் அடித்தது.

கிளம்பும்போது போட்டோக்காரர் மணமக்களோடு நெருங்கிய சொந்தங்களை நிற்கச் சொன்னார். செந்திலின் அம்மா எங்கள் இருவரையும் இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இவங்க யாரு?" என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"எங்க வூட்டு ஆளுங்கதான்" என்றார் செந்திலின் அம்மா.

மீன்சுருட்டியில் விருந்துக்கு உட்கார்ந்தபோது எனக்குப் பசியே இல்லை. அந்த ஆல்பத்தைப் பல வருடம் கழித்து யாராவது புரட்டுவார்கள்; ஓரத்தில் நிற்கும் இரண்டு பெண்களைக் காட்டி, இவர்கள் எந்த வழிச் சொந்தம் என்று கேட்பார்கள். அரியலூர் வழி என்று சொன்னால் தப்பில்லை.