யாருக்கும் பயனில்லாமல் ஓடிய கம்ப்யூட்டர்கள்

இன்று வில்லாபுரத்தில் என் மகள் நடத்தும் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டு போனேன். மேலூர்க் கடைக்காரர்கள் போனிலேயே சிம்மக்கல் மொத்தக் கடைச் சரக்கை வாங்க ஓர் ஆப் செய்திருக்கிறாள்.

கடைகள் கூடக் கூட, அந்த ஆப் ஓட எங்கோ வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களின் பில்லும் ஏறிவிட்டது. இந்த மாதம் பில் குறையாவிட்டால், அவளோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டும். முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

பில்லைப் புரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று அந்தப் பெண்களிடம் கத்தினாள். "அடியே, சோதனைக்கு எடுத்த மிஷினெல்லாம் ராவும் பகலும் சும்மா ஓடுதுடி!"

ஒரு பட்டனை அழுத்தினாள். எந்த ஊரிலோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் வரிசையாக அணைந்தன. மீதி உள்ளவை கூட்டம் வந்தால் தானே எழுந்து, போனால் தானே தூங்கும்படி செய்தாள். கேரியரைத் திறக்க மறந்து நின்றேன். பத்தாவது கணக்கில் தடுமாறியவன் பெற்ற பிள்ளையா இது!

"இனி யாரையும் அனுப்ப வேண்டாம்ப்பா. நீங்க வீட்டுல ஃபேன அணைச்சுக்கிட்டே திரிவீங்கள்ல, அம்புட்டுத்தான்" என்றாள்.

அந்தப் பெருமையோடு கிளம்பியவன், மூலையில் சும்மா பச்சை விளக்கு மினுக்கிய பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

"அப்பா! அது நெட்டு!"

இரண்டு பேர் வேலையை மகள் காப்பாற்றினாள். மூன்று பேர் வேலையையும் நான் நிறுத்தினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டா?