மூக்கு மெக்கானிக்

மூக்கு மெக்கானிக் என்று அவருக்குப் பெயர் வந்ததற்கு மூக்கின் அளவு காரணமல்ல. சொல்லப்போனால் அது சின்ன மூக்குதான். கண்ணாடி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்கி இறங்கும். ஆனால் வண்டி பட்டறைக்குள் வந்து நிற்பதற்குள், "கிளட்ச் கருகுது", "பெட்ரோல் எங்கயோ கசியுது" என்று சொல்லிவிடுவார். பானட்டைத் திறப்பதெல்லாம் அப்புறம். ஒருமுறை ஒருவர் பிரேக்கில் சத்தம் வருகிறது என்று வந்தார். இவர் கதவைத் திறந்து முகர்ந்துவிட்டு, "பிரேக்கை அப்புறம் பாக்கலாம், பின்சீட்டுக்கு அடியில எலி செத்துக் கிடக்குது" என்றார். கிடந்தது.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது உடம்பு தேறிவிட்டது, மூக்கு மட்டும் தேறவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடித்தது அவர் மனைவி.

அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து பார்த்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்துக்கொண்டிருந்தது. இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்பை அணைத்தாள். கத்த வாயெடுத்தவள், அவர் திரும்பிப் பார்த்த முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல்லேருந்து."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல."

"கஸ்டமர்கிட்ட சொல்லிடுங்க. இதுல என்ன வெக்கம்?"

"ஊரே மூக்கு மெக்கானிக்னு கூப்பிடுது. நான் போய் மூக்கு போச்சுன்னு சொல்லணுமா? வர்றவங்க அப்படியே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க."

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவரும் பட்டறையில் நடிக்கக் கற்றுக்கொண்டார். வண்டி வந்தால் பழையபடி சுற்றி வருவார், மூச்சை ஒருமுறை ஆழமாக இழுப்பார், பிறகு பானட்டைத் திறந்து வேலையைக் கையாலும் கண்ணாலும் பார்ப்பார். முப்பது வருட அனுபவம் பெரும்பாலும் கைகொடுத்தது. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் ஒரு நர்ஸின் பச்சைக் கார் வந்தது.

அந்த நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருபவர். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. கார் நின்றால் அத்தனை வீட்டிலும் காத்திருப்பார்கள்.

"அண்ணே, வண்டி சூடாகுது. ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுகிட்டே இருக்கு. ஆனா கீழ ஒரு சொட்டுகூட இல்ல" என்றார் நர்ஸ்.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். தண்ணீர் பம்ப் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினார். ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் புகை வந்ததைப் பார்த்தார். குளிர்ந்த காலை. அந்த நேரத்தில் எந்த வண்டியும் அப்படிப் புகைவிடும். அது வெறும் ஈரமா, ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் இன்ஜினுக்குள் எரிகிறதா என்பதை மூக்கு ஒரு நொடியில் சொல்லியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆறாவது நாள் கார் மறுபடி கொதித்தது. ஹோஸ்களை மாற்றி, கிளிப்புகளை இறுக்கி அனுப்பினார். அதிலிருந்து நான்காவது நாள், மேம்பாலத்தின் நடுவே ஆவி பறக்க நின்றுவிட்டது. நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதி வீடுகளுக்கு நடந்தே போயிருக்கிறார். அடுத்த நாள் சனிக்கிழமை, காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

நர்ஸ் கோபப்பட்டிருந்தால்கூட மெக்கானிக்குக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உங்களுக்குப் பிடிபடாத வியாதி போல இருக்குண்ணே, நிதானமா பாருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பஸ் ஏறிப் போனார்.

மெக்கானிக் கூலன்ட் ஊற்றி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைப் புகையில் காட்டி, மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. மறுபடி செய்தார். மூன்றாவது தடவையும் ஒன்றுமில்லை. கடைசியில் கண் கலங்கிவிட்டது. அது புகையால் அல்ல.

காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவர் மனைவி அங்கே எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

"என்ன, காருக்கு முன்னாடி தவம் இருக்கீங்க?"

"பின்னாடி" என்றார் அவர். பிறகு, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் இப்படி வா. இதை மோந்து பாரு."

அவள் கைப்பையை டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். போர்வை மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே அதில் என்ன மருந்து கொட்டியிருக்கிறது என்று சொல்லக்கூடியவள் அவள்.

"இனிப்பா இருக்கே."

"நிஜமாவா? எப்படி இனிப்பு?"

"இருமல் மருந்தை அடுப்புல வெச்சுக் காய்ச்சினா எப்படி இருக்கும், அப்படி."

அவர் துள்ளி எழுந்தார். முழங்கால் படக்கென்று சத்தம் போட்டது. "கேஸ்கெட்! ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, இன்ஜின் தலைக்கு அடியில இருக்கிற தகடு. இன்ஜின் கூலன்டைக் குடிக்குது. கீழ எப்படி ஒழுகும்?"

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"கெட்ட சேதிதான். ஆனா என்ன சேதின்னு தெரிஞ்சுபோச்சு இல்ல?"

ஆனாலும் இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தார். ஒன்றும் நான்கும் நன்றாக இருந்தன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டும் மூன்றும் பாதிக்குக் கீழே விழுந்துவிட்டன. அவள் அந்த எண்களை ஒரு அட்டையில் எழுதினாள். பசிக்கிறது என்று சொன்னாளே தவிர, வீட்டுக்குக் கிளம்பவில்லை.

திங்கட்கிழமை நர்ஸ் வந்தபோது மெக்கானிக் இன்ஜினின் ஹெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். பழைய கேஸ்கெட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். இரண்டாவது ஓட்டைக்கும் மூன்றாவது ஓட்டைக்கும் நடுவில், விரல் அகலத்துக்கு, கருகி அறுந்திருந்தது. அங்கிருந்து ஒரு கீறல் தண்ணீர் ஓடுகிற துளைவரை போயிருந்தது.

"இதுதான் வியாதி, சிஸ்டர். முதல் நாளே கண்டுபிடிச்சிருக்கணும்." அவர் கேஸ்கெட்டைக் கீழே வைத்தார். "காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனை தெரியறதில்ல. மறைச்சிட்டேன். உங்களை மேம்பாலத்துல நிக்க வெச்சது நான்தான். இதைக் கண்டுபிடிச்சதுகூட நான் இல்ல, எங்க வீட்டம்மா."

நர்ஸ் குனிந்து அந்தக் கருகிய இடத்தைப் பார்த்தார். மெக்கானிக் ஒரு ஸ்பேனரை மூன்று முறை துடைத்தார்.

"எத்தனை மாசமா?" என்றார் நர்ஸ்.

"எட்டு மாசம்."

"தினம் ரெண்டு தடவை இந்தப் பட்டறையைத் தாண்டிப் போறேன். என்னைக்காவது கையைக் காட்டி நிறுத்திச் சொல்லியிருக்கலாம் இல்ல? காரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மூக்கைப் பத்திக் கொஞ்சம் தெரியும்." பிறகு சிரித்துவிட்டார். "மேம்பாலத்துல நின்னதுக்குக் கோபம் இருக்கு. அது நாளைக்குப் போயிடும். முதல்ல வண்டியைச் சரிபண்ணுங்க."

மெக்கானிக் ஹெட்டின் அடிப்பகுதியில் நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தார். நடுவில் இடைவெளி தெரிந்தது. அதை அளக்கிற மெல்லிய தகடு தாராளமாக உள்ளே நுழைந்தது. கொதித்துக் கொதித்து ஹெட் வளைந்திருந்தது. அதை லேத் பட்டறைக்குக் கொடுத்துச் சீவி, சமமாக்கி வாங்கிவந்தார். புதன்கிழமை மனைவிக்கு விடுமுறை. கூப்பிடாமலேயே வந்துவிட்டாள்.

இன்ஜின் பிளாக்கின் மேற்பரப்பைக் கண்ணாடிபோல் துடைத்து, புதுக் கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டை இறக்கினார். புதுப் போல்ட்டுகள் பத்து. நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். அவள் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து வரிசையைச் சொன்னாள்.

"ஏன் நடுவுலேருந்து?"

"ஓரத்தை முதல்ல இறுக்கினா நடு தூக்கிக்கும்."

"அட, பெரிய பெட்ஷீட்டை மெஷின்ல இஸ்திரி போடற மாதிரிதானே? நடுவுலேருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே போனாத்தான் சுருக்கம் விழாது. இதுக்கா இவ்வளவு பெரிய புத்தகம்?"

அவருக்கு வந்த சிரிப்பில் ரெஞ்ச் போல்ட்டிலிருந்து நழுவியது. "ஏழாவது ரெண்டு சுத்து ஆச்சா, மூணா?" என்று அவர் கேட்க, "ரெண்டு. சிரிக்காம வேலையைப் பாருங்க" என்றாள்.

மாலை வெயிலில் கூலன்ட் ஊற்றி, காற்றையெல்லாம் வெளியேற்றி, வண்டியை முக்கால் மணி நேரம் நிற்கவைத்தபடியே ஓடவிட்டார்கள். சூடு காட்டும் முள் பாதியில் நின்றது, நகரவில்லை. அவள் சைலன்சருக்குப் பின்னால் குனிந்து, நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கினாள். "வெறும் புகை. சுவாரஸ்யமே இல்ல." அவருக்கு அதைவிட நல்ல வார்த்தை அந்த எட்டு மாதத்தில் காதில் விழவில்லை.

காரை எடுத்துப் போக வந்தபோது நர்ஸ் நான்கு சின்னச் சீசாக்கள் கொண்டுவந்திருந்தார்: எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். தினமும் காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் முகரவேண்டும், அந்த வாசனையை நினைத்துக்கொண்டே. வரலாம், வராமலும் போகலாம், பொறுமை வேண்டும் என்றார்.

அந்தப் பொறுமை அவரிடம் இல்லை. முதல் மாதத்திலேயே எல்லாம் தெரிவதாகச் சாதிக்கப் பார்த்தார். மனைவி அவர் கண்ணைக் கட்டிவிட்டு, சீசாவை மாற்றி மாற்றி நீட்டுவாள்.

"எலுமிச்சை" என்பார், தீர்மானமாக.

"இது மூடியே திறக்கலைங்க."

ஆறாம் மாதத்தில் கிராம்பு மட்டும் லேசாக, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல, வந்து போகத் தொடங்கியது. மற்ற மூன்றும் இன்னும் வரவில்லை. இப்போது அவர் எந்த வண்டி வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: "எனக்கு மூக்கு வேலை செய்யாது. அளந்து பாத்துத்தான் சொல்லுவேன், கொஞ்சம் நேரமாகும்." யாரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. அவசரம் இல்லாதவர்கள், ஷிப்ட் முடிந்து அவர் மனைவி பட்டறைக்கு வருகிற சனிக்கிழமை மதியமாகப் பார்த்து வருகிறார்கள். வந்து, பட்டறை வாசலிலேயே நின்று, "அக்கா வந்தாச்சா?" என்று கேட்கிறார்கள்.