சிதிகாத்து துணியைப் புகழ்ந்த வியாழக்கிழமை

வாய் மட்டும் இல்லாவிட்டால் சிதிகாத்துவை எப்போதோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். லாகோஸில் எங்கள் மேம்பாலத்தின் அடியில் மிளகாய் விற்கிறாள். மேலே லாரி உறுமும், கீழே இவள் உறுமுவாள். குப்பைமேடாகக் கிடந்த இடத்தைப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப் பெருக்கி, தூணுக்குத் தூண் கடை போட வைத்தவள் அவள்தான். என் தையல் மெஷினுக்கும் ஒரு தூணடி பிடித்துக் கொடுத்தாள், நன்றாகத் திட்டிவிட்டு.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கார் நிறுத்துமிடமாக மாற்றப் போகிறார்களாம். சந்தை நிஜமாகவே நடக்கிறதா என்று வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பாராம். ஆள் இல்லையென்றால் இடம் போச்சு.

கிழங்கு விற்கும் மோசுன்மோலாவின் பேரனுக்குப் பெயர் வைப்பதும் அதே வியாழன்தான். பிறந்த எட்டாம் நாள், தள்ளிப்போட முடியாது. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே துணியில் தைத்து உடுத்த வேண்டும். ஒரு வாரமாக என் முதுகு ஒடிந்தது.

"சொன்ன நாள்ல எந்த அதிகாரிடீ வந்திருக்கான்? அடுத்த மாசம்தான் வருவான், பாரு" என்றாள் மோசுன்மோலா. எல்லாரும் தலையாட்டினார்கள், நானும்தான். எங்கள் ஊரில் வேறு எப்படி நினைப்பார்கள்?

சிதிகாத்து மட்டும் விருந்துக்குப் போகவில்லை. பொறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் வீம்பு. மோசுன்மோலா எடுத்த வெங்காயத்தோல் நிறத் துணியைப் பார்த்து, "அழுகின தக்காளி மாதிரி இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நான் போகாததற்குக் காரணம், இன்னும் ஒரு ரவிக்கை பாக்கி.

மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி வந்து நின்றார், அதுவும் சொன்ன நேரத்துக்கு! குடையை மடக்கிக்கொண்டே காலித் தூண்களைப் பார்த்தார்.

"சந்தை எங்கம்மா?"

"வந்துக்கிட்டே இருக்கு ஐயா, உக்காருங்க. டெய்லரே, ஐயா சட்டையில பட்டன் தொங்குது பாரு, தைச்சுக் குடு."

பட்டன் எதுவும் தொங்கவில்லை. நான் புரிந்துகொண்டு ஒன்றைச் சத்தமில்லாமல் அறுத்தேன். சிதிகாத்து மழையில் ஓடினாள்.

அடுத்த தெருப் பந்தலில் நடந்ததை அத்தனை பேரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். மோசுன்மோலா இடுப்பில் கை வைத்தாளாம்.

"யாரு இது? அழுகின தக்காளியைப் பாக்க வந்தியா?"

"அதிகாரி வந்துட்டான்டி! எல்லாரையும் கூட்டிட்டு வா!"

"முதல்ல துணி எப்படி இருக்கு, சொல்லு."

"அழகா இருக்கு."

"கேக்கல." மேளக்காரன் வேண்டுமென்றே வாசிப்பை நிறுத்தினான்.

"அழகா இருக்குடி! பொறாமையில உளறிட்டேன், போதுமா? வாடி, நம்ம இடம் போயிடும்டி!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவ்வளவுதான். சோற்று அண்டா, மேளம், குழந்தை எல்லாம் மழையில் நனைந்தபடி பாலத்தடிக்கு வந்து சேர்ந்தன. வெங்காயத்தோல் நிறப் பெண்கள் பெரிய தலைக்கட்டோடு, மூடி வைத்திருந்த அவரவர் கூடையைத் திறந்து அதன் பின்னால் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி விழித்தார். "இது சந்தையா, விருந்தா?"

மோசுன்மோலா நேராக மிளகாய்க் குவியலுக்குப் போனாள்.

"இந்த வாடலுக்கு இவ்வளவு விலையா? கொள்ளைக்காரி!"

"வாடலா? கட்டுப்படியாகலன்னா நகரு!"

"சரி, கொசுறு போடு."

"போட்டாச்சு."

"இது கொசுறா? கோழிக்குக்கூடப் பத்தாது!"

பல நாள் பேசாததையெல்லாம் சேர்த்து இருவரும் கத்தினார்கள். வாங்க வந்த கூட்டம் பெருகியது. அதிகாரி, யாரோ கையில் திணித்த சோற்றுத் தட்டோடு ஒதுங்க இடமில்லாமல் தூணோடு ஒட்டிக்கொண்டார்.

"எனக்கே நிக்க இடமில்ல, காரை எங்க நிறுத்துறது? சந்தையே இருக்கட்டும்" என்றார்.

கூச்சல் அடங்கியதும் பெயர் வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி வேண்டியவர்கள் ஆளுக்கொரு பெயர் வைக்கலாம். மோசுன்மோலா குழந்தையை நீட்டினாள். "முதல்ல கையைக் கழுவுடி. நீயும் ஒரு பேரு வை."

சிதிகாத்து மிளகாய்க் கையை மழைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கினாள்.

"அபியோனா" என்றாள் கடைசியில். பாதையோரம் பிறந்தவன் என்று அர்த்தம்.

"அடிப்பாவி, ஆஸ்பத்திரியில பொறந்த புள்ளைடி!"

"நாமெல்லாம் இந்த ரோட்டுக்கு அடியிலதானேடி இன்னைக்குப் பொழைச்சோம்?"

மோசுன்மோலா அவளைக் கட்டிக்கொண்டாள். அன்று குழந்தைக்கு எத்தனையோ பெயர் வைத்தார்கள். சந்தையில் நாங்கள் கூப்பிடுவது அந்த ஒன்றைத்தான்.