தார் பூசிய கமான் பட்டை

அரைகுறை வேலையைக் கண்டால் அப்துல் சுக்கூர் அழுகிய மீனை மோந்தவர்போல் மூக்கைச் சுளிப்பார். யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் ஜீப்புகளைக் கழற்றி மாட்டிப் பழகிய கை அவருடையது. பிறகு பாலக்கரையில் சொந்தமாகப் பட்டறை போட்டார். வேலைக்குக் குறைவில்லை, சிரித்த முகம்தான் கிடையாது.

1957 ஆடியில், மரவாடி அற்புதசாமி தம் பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். பத்து வருஷம் பச்சைமலையிலிருந்து மரம் சுமந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுக்கூர் அடியில் புகுந்து பார்த்தார். பின்பக்கம் இடது கமானில், அதாவது குலுக்கலைத் தாங்கும் வில்லில், மற்ற பட்டைகளையெல்லாம் தாங்கும் பெரிய பட்டையே முறிந்திருந்தது.

“கமான் பட்டை மாத்தணுங்க.”

“அதெல்லாம் வேணாம் பாய். பார்வைக்கு நிமிந்து நின்னா போதும். மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தானமாக் குடுக்கப் போறேன்.”

“நோயாளிங்க ஏறுற வண்டியாச்சே.”

“சும்மா வர்ற வண்டியில யாரு அடியில குனிஞ்சு பாக்கப் போறாங்க?”

சுக்கூருக்கு வாயெல்லாம் கசந்தது. “நம்ம பட்டறையில அது நடக்காது. எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார். வண்டி தெருமுனை திரும்பியதும் காறித் துப்பிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

ஐந்து வாரம் கழித்து அதே ஜீப்பை மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். மேலே பளபளவென்று புதுப் பச்சைப் பெயிண்ட். கூடவே நெற்றியில் கட்டோடு நர்ஸ் டோரதி. மணப்பாறைப் பக்கத்திலிருந்து சந்திரம்மாள் என்ற நிறைமாதக்காரியை ஏற்றி வந்தபோது பின்னச்சு விலகி, வண்டி சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. அந்த வழியாக வந்த கட்டைவண்டியில் பிரசவம் ஆயிற்று. பிள்ளை பிழைத்தது. தாயின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்துபோனது.

சுக்கூர் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கமானைச் சுரண்டினார். தாருக்கு அடியில் தேங்காய்நார்க் கயிறு. கயிற்றுக்கு அடியில் பீப்பாய்த் தகடு. முறிந்த இடத்தில் மூங்கில் சிம்பு. பட்டைகளின் இடுக்கெல்லாம் கறுத்த கிரீஸும் செத்த கரப்பான்களும். வெளியே வந்து வாயைக் கொப்பளித்தார்; அப்போதும் அந்த நாற்றம் போகவில்லை.

மாலையில் அற்புதசாமி வேர்த்து விறுவிறுத்து வந்தார். “பாய், பங்குச்சாமியார் கேட்டா ரோட்டுப் பள்ளம்தான் காரணம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க அன்னிக்கே பாத்தது வெளிய தெரிய வேணாம். ஊர்ல மரியாதையா இருக்கேன்.”

சுக்கூர் தார்க் கயிற்றை அவர் வெள்ளைச் சட்டைக்கு நேரே நீட்டினார். “இதை மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க. உங்க மரியாதை இந்த நாத்தம்தான்.”

அற்புதசாமி சட்டையை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டோரதி மெல்லக் கேட்டாள்:

“அப்ப இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும் சிஸ்டர். எங்கிட்டதான் மொதல்ல கொண்டாந்தாரு. முடியாதுன்னு அனுப்பிட்டேன்.”

“ஆஸ்பத்திரி இங்கிருந்து எவ்வளவு தூரம், பாய்? ஏன் வந்து சொல்லலை?”

சுக்கூர் தம் கைகளைப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டவர் அவர். காலையில் கயிற்றின்மேல் வந்த அருவருப்பு இப்போது அவர்மேலேயே திரும்பியது.

மறுநாள் இரண்டு பக்கக் கமானையும் இறக்கினார். வேறொரு ராணுவ ஜீப்பின் நல்ல பட்டைகளைத் தேடிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தேய்த்து, கிரீஸ் தடவி அடுக்கி, நடு போல்ட்டை முறுக்கினார். கமானின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் வளையத்தில் ஒரு திருகுப்புரி இடது பக்கம் திரும்புவது. யாரோ அது தெரியாமல் வலது பக்கமாக முறுக்கி, சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தான். திட்டிக்கொண்டே அதையும் மாற்றினார். வண்டியைத் தரையில் நிறுத்திப் பாரம் ஏற்றிய பிறகே நட்டுகளைக் கடைசியாக இறுக்கினார். கூலி பேசவில்லை.

பிறகு ஆறேழு வருஷம், ஜீப் ஓய்ந்துபோகும்வரை, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் அதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வருவார். டோரதி டீ கொடுப்பாள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. பாதி வேலை சொல்லி வருகிறவர்களிடம், “வண்டி யாருக்குப் போகுது?” என்று சுக்கூர் கேட்க ஆரம்பித்தார். பலருக்கு அது பிடிக்கவில்லை. வேறு பட்டறைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களின் வண்டியை வாங்கவிருந்தவர்களைத் தேடி, எடமலைப்பட்டி புதூர்வரைகூடச் சைக்கிளை மிதித்துப் போய் வண்டியின் குறையைச் சொல்லிவிட்டு வந்தார்.