கடல் இல்ல, நட்சத்திரம்தான்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் பல நூறு கோடி வருஷங்களுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். வந்து சேர்ந்ததும் சில நொடிகள்தான் நிற்பார், அந்த நேரம் பார்த்து நாம் பல் தேய்த்துக்கொண்டிருப்போம்.

தூரத்தில் எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் செத்து விழும்போது காமா கதிர் ஒரே வீச்சாகக் கிளம்பும். பூமியைச் சுற்றியிருக்கும் காற்று அதைக் கீழே விடாது. அதனால் அதைப் பிடிக்கிற கருவியை ஒரு செயற்கைக்கோளில் ஏற்றி மேலே அனுப்பியிருக்கிறார்கள். மேலே ஒரு மினுக் என்றால், கீழே டியூட்டியில் இருப்பவரின் போன் அலறும். அவர் வரைபடத்தைத் திறந்து பார்த்து, இது நிஜ வெடிப்பா, இல்லை சூரியன் செய்த சேட்டையா என்று கால் மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நிஜம் என்றால் மற்ற தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். சொல்லாமல் விட்டால் வெளிச்சம் மங்கிவிடும். செத்த நட்சத்திரத்தை இன்னொரு முறை சாகச் சொல்ல முடியாது.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துவது என் பிழைப்பு. இந்த டியூட்டி மட்டும் ஆசைப்பட்டு, கெஞ்சிக் கேட்டு, பரீட்சை எழுதி வாங்கிக்கொண்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்களே, பிரசவ வார்டு நர்ஸுகளே, கரண்ட் போனால் கம்பம் ஏறுபவர்களே, போன் அடித்தால் நீங்களும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுபவர் என்றால் வாருங்கள், நாம் ஒரே சாதி.

சிலிண்டர்

டியூட்டிக்கென்று ஒரு செயலியை போனில் ஏற்றச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு சத்தம்தான் உண்டு. சைரன். போனைச் சத்தமில்லாமல் வைத்தாலும் அது அடங்காது. சாதாரண மணி என்றால் யாரும் எழுந்து வருவதில்லை என்று அனுபவப்பட்ட யாரோ அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் எந்த ஊரோ தெரியவில்லை, நல்லா இருக்கட்டும்.

முதல் முறை அது அடித்தபோது நான் குளியலறையில் இருந்தேன். என் கணவர் செல்வத்துக்குக் கீரப்பாளையத்தில் உரக்கடை. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனிதர் நேராக அடுப்படிக்கு ஓடி, சிலிண்டரைப் பிடுங்கி, இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நின்றுவிட்டார். நான் தலையில் துண்டோடு வந்து வரைபடத்தைத் திறந்தேன். சூரியனின் சேட்டைதான். வெளியே போய் விஷயத்தைச் சொன்னேன். சிலிண்டரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "என்னா மதி, படிச்ச வேலைன்னு சொன்ன, தீயணைப்புலயா சேத்து வுட்டாங்க?"

ஃபர்ஸ்ட்

இந்த வெடிப்பை எங்கள் குழுவில் இங்கிலீஷில் 'பர்ஸ்ட்' என்போம். என் முதல் நிஜ வெடிப்பை நான் உறுதி செய்த அன்று, செல்வம் சந்தோஷத்தில் தன் அம்மாவுக்குப் போன் செய்து, "மதிக்கு பர்ஸ்ட்டு வந்துருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சால்வையே வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த மாமியாரிடம் நான் பொறுமையாக விளக்கினேன். ஒரு நட்சத்திரம் வெடித்துவிட்டது, அதை நான் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். கொண்டு வந்த பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எழவு சேதிய மொதல்ல சொன்னதுக்கா உனுக்கு ஃபர்ஸ்ட்டு குடுத்தாங்க?"

மேலேயே நிற்பது

மூன்றாவது சைரனுக்கு, வீட்டுச் சொந்தக்காரர் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கு ஏறி வந்தார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து கீழ் வீட்டில் இருந்தாள். காமா கதிர் என்று செல்வம் எங்கோ வாய் விட்டிருக்கிறார். "அது கேன்சருக்குக் குடுக்குற கரண்ட்டாச்சே, அத ஏம்மா வூட்டுக்குள்ள வரவழைக்கிற?" என்றார். குரல் ஏறியிருந்தது. கோபம் என்று முதலில் நினைத்தேன். பயம்தான்.

கதிர் வீட்டுக்கு வருவதில்லை, செய்திதான் வருகிறது, காற்று தடுத்துவிடும் என்று சொல்லிப் புரிய வைத்தேன். அவர் எழுந்து போகிற நேரத்தில், "அப்ப பக்கத்துலயே ஒண்ணு வெடிச்சா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. மிகப் பக்கத்தில் வெடித்தால் மேலே இருக்கும் ஓசோன் கெட்டுப்போகும், ஆனால் அதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றேன். நானும் சில நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அதை நினைத்து அண்ணாந்து பார்ப்பதுண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக நான் சீலிங்கைப் பார்க்க, அவரும் சேர்ந்து பார்த்தார். "எம்பொண்ணுக்கு ஆடி கழிச்சுதான் தேதி குடுத்துருக்காங்க. அதுவரைக்கும் ஒண்ணும் வெடிக்காம பாத்துக்கம்மா."

கொள்ளிடக்கரை

என் அம்மா வீடு குமராட்சிப் பக்கம். நல்ல மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். சைரன் அடித்தது. போனைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. டிரைவரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, மேடாக இருந்த கொள்ளிடக்கரையைப் பார்த்து, போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினேன். ஒரு கோடு சிக்னல் வந்தது. வரைபடம் பாதி வரை வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என் பின்னாலேயே கரையேறி நிற்கிறார்கள். நாற்று நடப் போகும் பெண்கள், சாப்பாட்டுத் தூக்கை விடாமல். எல்லோரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரைபடம் முழுதாக வந்தபோது கால் மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அது நிஜ வெடிப்பு. எங்கள் குழுத் தலைவி பெங்களூரில் இருக்கிறார், சத்தம் போட்டே பேசமாட்டார். சாயங்காலம் கூப்பிட்டார். சிக்னல் இல்லாதது என் தப்பில்லை என்று அவரே சொன்னார். ஆனால் வெளிச்சம் நம் காரணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காது, இன்னொன்று போனால் டியூட்டிப் பட்டியலில் வேறு பெயரைப் போட வேண்டியிருக்கும் என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கரையில் நின்ற அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டது மட்டும் நடுநடுவே காதில் விழும்: "எவ்ளோ தண்ணி தொறந்துருக்காங்கன்னு போட்ருக்கா பாரும்மா, புள்ளைங்க பள்ளிக்கூடத்துல கீது."

எந்த யூனிட்டு

மாமியார் விவகாரத்துக்குப் பிறகு நானும் ஆரோக்கியமும் எங்களுக்குள் 'பர்ஸ்ட்' என்பதை விட்டுவிட்டோம். ஆரோக்கியம் கடலூர்க்காரன், என்னை அக்கா என்று கூப்பிடுவான், என்னைப் போலவே பட்டியலில் இருப்பவன். நல்ல தமிழில் 'வெடிப்பு' என்றே பேசுவோம் என்று முடிவு செய்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் வேலையாகக் கடலூர் போனவள், ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். அன்று அவன் டியூட்டி. அவனுக்கு ஒரு சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டான். வரைபடத்தைப் பார்த்துவிட்டு நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "ஆமாம்பா, வெடிப்புதான். ரொம்பப் பெருசு. நீ எல்லாருக்கும் சொல்லிடு."

நிமிர்ந்தால் இலைகள் அப்படியே கிடக்கின்றன, ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். சாம்பார் வாளியோடு என் பக்கத்தில் நின்றவர் மட்டும் நகரவில்லை. அவர் மகன் அங்கே ஷிப்டில் இருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. மெதுவாகக் குனிந்து கேட்டார்: "எந்த யூனிட்டும்மா?"

காதுகுத்து

கஸ்தூரி எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். கடலூரை ஒட்டிக் கடலோரம் இருக்கிற தேவனாம்பட்டினத்துப் பெண். சுனாமியில் அவள் தம்பி போய்விட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள் இவள்தான், அப்போது இவளும் சின்னப் பெண். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவள் மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ஊரில் அவர்கள் தெருவிலேயே காதுகுத்து. அன்று ஆரோக்கியத்தின் டியூட்டி. ஆனால் அவன் பங்குக் கோயில் பாட்டுக் குழுவில் இருக்கிறான். பூசை முடிகிறவரை பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று என்னிடம் தள்ளிவிட்டிருந்தான். எனக்குப் பயம் போனின் சார்ஜ் மேல். மைக் செட்காரர் மேசையில் ஒரு பிளக் காலியாக இருந்தது. போனை அங்கே சொருகி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தேன். காது குத்தும் நேரம் வந்ததும் அவர் பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கை மட்டும் அணைக்காமல் என் போன் பக்கத்திலேயே வைத்தார். தாய்மாமன் இல்லாததால் கஸ்தூரியின் சித்தப்பா மகன் மடியில் குழந்தை உட்கார்ந்தது. பத்தர் ஒரு காதைக் குத்தி முடித்தார். அடுத்த காதுக்குக் கையைக் கொண்டு போனார்.

அப்போது தெரு முழுக்க, கம்பத்தில் கட்டிய அத்தனை குழாயிலும் என் சைரன் அடித்தது.

யாரும் கத்தவில்லை. அதுதான் என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, செருப்பைத் தேடவில்லை, சாமானை எடுக்கவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு, "கடல் இல்ல, நட்சத்திரம்தான், கடல் இல்ல" என்று கத்தியபடி பின்னால் ஓடினேன். யார் காதிலும் ஏறவில்லை. யாரோ ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்து, "பேசாத, ஓடு" என்றார். கொஞ்ச தூரம் போவதற்குள் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. என் போன்தான் அடித்தது என்று தெரிந்த நானே திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

ரோட்டோரம் கஸ்தூரி மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது. வலிக்கிறது என்று அது அழுகிறது, இவளால் விரலைத் திறக்க முடியவில்லை. திறக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. என் கையில் போன். கால் மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வரைபடம் திறந்தேதான் இருந்தது, ஒரு பார்வை பார்த்தால் போதும். நான் போனைத் தரையில் வைத்துவிட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டேன்.

விரல் எல்லாம் பிரிந்து, குழந்தை என் மடிக்கு வந்த பிறகு, நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். எங்கே வெடித்தது என்று கேட்டாள். நிஜமென்றால் ரொம்ப தூரம், இந்தப் பூமியே இல்லாத காலத்தில் வெடித்திருக்கும் என்றேன். தரையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பவோ, எங்கியோ வெடிச்சதுக்கு இந்தக் கத்து கத்துது மேடம். அன்னிக்கு எங்களுக்கு ஒண்ணுமே கத்தலையே."

எடுக்க வேண்டாம்

அதுவும் நிஜ வெடிப்புதான். ஆரோக்கியம் பூசை முடிந்து வந்து பார்ப்பதற்குள் மங்கிவிட்டது. தலைவி நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன் மதி" என்றார். சொல்லிவிட்டு, பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். பெயரை எடுத்தவர்கள் நம்பரை எடுக்க மறந்துவிட்டார்கள். போன் இன்னும் அலறுகிறது, நானும் இன்னும் பதறிக்கொண்டு வரைபடத்தைத் திறக்கிறேன். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அந்தச் செயலியையே போனிலிருந்து எடுத்துவிடப் போகிறேன் என்று கஸ்தூரியிடம் சொல்ல ஆய்வகத்துக்குப் போனேன். அவள் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொரு காதை அடுத்த வாரமே குத்திவிட்டார்களாம். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எடுக்காதீங்க மேடம், இருக்கட்டும். காதுகுத்து அன்னிக்கு எங்க தெரு மொத்தமும் ரோட்டுக்கு வந்துட்டோம். எண்ணிப் பாத்தேன், ஒரு புள்ள கொறையல."

ஆக, வானத்தில் எங்கே வெடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் போன நான், சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் யார் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதைத்தான் உருப்படியாகக் கண்டுபிடித்திருக்கிறேன், அதையும் தொலைநோக்கி இல்லாமல்.