கன்னத்தால் சூடு பார்க்கிறவள்

என் மனைவி பூமாரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நானும் நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். ஆனால் எனக்கு அவள்மேல் பொறாமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை ஒளித்து வைத்து எழுதினால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும்.

நான் வேல்முருகன். சக்குபள்ளம் கடைத்தெருவில் பதினாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பூமாரி பள்ளிவாசல் என்கிற ஊரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து முதலில் ஏலக்காய் எடுக்கப் போனாள். ஒரு மழைக்காலத்தில் எஸ்டேட் ஸ்டோரில், அதாவது பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தில், வெப்பமானி கெட்டுப்போனது. ஸ்டோர் பார்க்கிற ஆள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கூடை இறக்க வந்த இவள் காற்று வெளியே வருகிற துவாரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்து, "விறகைக் கொஞ்சம் இழுங்கண்ணே, காத்து கடிக்குது" என்றாளாம். அந்தத் தடவை காய் ஒன்றுகூட வெடிக்காமல் பச்சை நிறம் மாறாமல் வந்தது. அதோடு ஸ்டோர் அவள் கைக்குப் போனது. பத்து வருஷமாக அவள்தான் பார்க்கிறாள். மேனேஜர்கூட அவளைக் கேட்காமல் கதவைத் திறப்பதில்லை. என் கடையில் என்னைக் கேட்காமல் பூனை வந்து பிரின்டர்மேல் படுத்துக்கொள்கிறது.

இதுவரைக்கும் பரவாயில்லை. அவள் வேலை அவளுக்கு, என் வேலை எனக்கு என்றுதான் இருந்தேன். கபிரியேல் அண்ணனின் கம்ப்யூட்டர் பெட்டி வந்து அதைக் கெடுத்தது.

கபிரியேல் அண்ணன் கல்யாண வீடியோ எடுக்கிறவர். எடிட்டிங்குக்காக நான்தான் அவருக்குப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று கட்டிக் கொடுத்தேன். முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என்று ஆறு ஃபேன். எங்கள் ஊரில் மஞ்சு மூட்டம் சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். ஈரம் உள்ளே போனால் போர்டு போய்விடும் என்று பயந்து, ஆறு ஃபேனையும் காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி மாட்டினேன். ஏலக்காய் ஸ்டோர் சுவரில் பெரிய ஃபேன் ஈரக்காற்றை வெளியே தள்ளுவதைத் தினமும் ரோட்டிலிருந்து பார்க்கிறவன் நான். அதே யோசனைதான். எனக்கு என்மேலேயே மதிப்பு கூடியது.

ஒரே வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. வேலை கொடுத்தால் ஆறு ஃபேனும் ஒன்றாகக் கத்துகின்றன, பத்து நொடியில் அடங்குகின்றன, திரும்பக் கத்துகின்றன. கொஞ்ச நேரத்தில் பெட்டியே அணைந்துவிடுகிறது.

"வேலு, இது கம்ப்யூட்டரா மாவு மில்லாடா? இதப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எங்குட்டுக் குரல் பதியிறது?" என்றார் அண்ணன்.

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பூமாரி வழக்கம்போல ஸ்டோர் வேலை முடிந்து, என்னோடு ஷேர் ஜீப்பில் வீட்டுக்குப் போகக் கடைக்கு வந்தாள். பெட்டி கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

அவள் குனிந்து பெட்டியின் பின்னால் கன்னத்தை வைத்தாள். பிறகு மேலே, பிறகு முன்னால்.

"எல்லாம் வெளியதான தள்ளுது. உள்ள வர வழி எங்க?"

"ஒங்க ஸ்டோர்லயும் அப்பிடித்தான வச்சிருக்கீக?"

"ஸ்டோர்ல கீழ காத்து வர்றதுக்கு ஓட்டை இருக்குங்க. அது ரோட்டுல நின்னா தெரியாது. அப்புறம், சூடு கொஞ்சம் ஏறுன ஒடனே இது பதறுது. நாங்க ஒடனே விறகை இழுக்க மாட்டோம். கொஞ்சம் பொறுத்து, ஏறுனது ஏறுனபடி நிக்குதான்னு பாத்துட்டுத்தான் இழுப்போம்."

"ஏலக்காயும் இதும் ஒண்ணா? பேசாம ஒக்காரு" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, அவள் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். முன்னால் இருந்த மூன்றையும் உள்ளே இழுக்கத் திருப்பினேன். ஒரே வயரில் கட்டியிருந்ததைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் வைத்தேன். சூடு ஏறினாலும் சில நொடி பொறுத்துவிட்டு மெதுவாக வேகம் கூடும்படி செட்டிங்கை மாற்றினேன். பெட்டி அடங்கிவிட்டது. பக்கத்தில் நின்றால் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வயிறு எரிந்தது. பதினாலு வருஷம் நான் திருப்புளியைப் பிடித்தது எதற்கு?

"எப்பிடிடா கண்டுபிடிச்ச?" என்று அண்ணன் கேட்டார்.

"எல்லாம் அனுபவந்தாண்ணே" என்றேன்.

பூமாரி ஒருநாள், அந்தப் பெட்டி மூச்சு வாங்குவது நின்றதா என்று கேட்டாள். அது வேறு கோளாறு, நானே பார்த்துச் சரி செய்துவிட்டேன் என்றேன். அவள் "நல்லது" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். அண்ணனோ போகிற இடமெல்லாம் என் பெருமையைப் பாடினார். டீக்கடையில் நான் போனால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எவ்வளவு ருசி தெரியுமா அது! கூடவே ஒரு கசப்பும் இருந்தது. அந்த மரியாதை யாருடையது என்று எனக்குத் தெரியுமே.

ஐப்பசியில் அண்ணன் ஸ்டுடியோவைப் புது இடத்துக்கு மாற்றினார். இடம் மாறிய மூன்றாம் நாள் பெட்டி பழையபடி கத்த ஆரம்பித்தது. ஒரு கல்யாணப் படம் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போயாக வேண்டும். பாதியில் பாதியில் மெஷின் அணைந்தது. நான் போய் எல்லா ஃபேனுக்கும் வேகத்தைக் கூட்டினேன். இன்னும் மோசமானது.

"வேலு, அன்னைக்கு என்ன பண்ணியோ அதையே பண்ணுடா. நாளைக்குள்ள ஆகலன்னா கட்டப்பனைக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் என் வேலை எல்லாம் அங்கதான், சொல்லிட்டேன்" என்றார்.

அண்ணன் போனால் அவரைப் பார்த்து வந்த மற்ற ஸ்டுடியோக்காரர்களும் போவார்கள். வேறு வழியில்லாமல் வீட்டில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ஒரு பெட்டிக்கு நீ ஏதோ சொன்னியே..."

பூமாரி காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அனுபவம் இருக்கற ஆளு நீங்க. நான் என்னத்தச் சொல்ல? ஃபேனைத் திருப்பி வச்சே ஒம் புருசன் சாதிச்சுட்டான்னு கபிரியேல் அண்ணன் ஜீப்புல அத்தன பேர் முன்னால சொன்னாரு. நானும் ஆமாண்ணேன்னு சிரிச்சேன்."

எத்தனை மாதமாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்!

"காலையில வாரேன். ஆனா எதுக்கு வாரேன்னு அவர்ட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் அண்ணன், "என்னடா, தங்கச்சியையும் கூட்டிட்டு வந்திருக்க?" என்றார்.

"சும்மாண்ணே. இந்தப் பக்கமா வந்தோம்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

பூமாரி என்னைப் பார்க்கவே இல்லை. வாசல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டாள். நான் திரை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபேனாக வேகத்தை ஏற்றினேன், இறக்கினேன். அண்ணன் தலைக்கு மேலேயே நின்றார். பெட்டி அலறியது. பிறகு அணைந்தது. அண்ணன் போனை எடுத்து, கட்டப்பனைக்காரன் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

"அண்ணே" என்றேன். "அன்னைக்கும் நான் கண்டுபிடிக்கல. இவ சொல்லித்தான் செஞ்சேன்."

அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் எழுந்து வந்தாள்.

புது ஸ்டுடியோவில் பெட்டி வெளியே தெரியக் கூடாது என்று மர அலமாரி செய்து அதற்குள் வைத்திருந்தார்கள். நான் ஓட விட்டதும் பூமாரி அதற்குள் தலையை நுழைத்துப் பின்பக்கம் கன்னத்தை வைத்தாள். பிறகு முன்பக்கம் வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே சூடு. வெளிய போன காத்து போக வழியில்லாம சுத்தி, திரும்ப உள்ளதான் வருது. ஸ்டோர்ல இப்பிடி வந்தா காய் கருத்துப்போகும். பெட்டிய வெளிய எடுங்க. ஃபேனை எல்லாம் பழையபடி மெதுவா வைங்க."

அவ்வளவுதான். நான் இரண்டு நாள் திரையில் சூட்டு எண்களைப் பார்த்தேனே தவிர, அலமாரிக்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்தோம். அரை மணி நேரம் படம் ஓடியது, சத்தம் இல்லை.

"தங்கச்சி, ஒன் நம்பரக் குடும்மா. இனி ஒன்னையே கூப்பிடுறேன்" என்றார் அண்ணன்.

நான் தரையைப் பார்த்தேன். பதினாலு வருஷமாக ஒருவர் என்னிடம் அந்தக் குரலில் கேட்க மாட்டாரா என்று ஏங்கியவன் நான்.

"எனக்கு நேரம் ஏதுண்ணே? ஸ்டோர்ல காய் கெடக்கு. இவுகளையே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். நான் பொய் சொல்லிச் சேர்த்துவைத்த பெயரை, அவள் வேண்டாம் என்று எனக்கே விட்டுவிட்டுப் போனாள். அவள் வாங்கிக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அண்ணன் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். இன்று காலையில் வேறொரு ஸ்டுடியோவில் ஒரு பெட்டி கத்தியது. யாரும் பார்க்காதபோது அதன் பின்னால் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அது நல்ல சூடா, கெட்ட சூடா என்று சாயங்காலம் அவள் ஜீப்புக்கு வரும்போது கேட்க வேண்டும்.