அண்ணன் தலைகீழாகக் கேட்ட ஆல்பம்

அண்ணனின் ஓராண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அவருடைய ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். உறவினர்களில் பலருக்கு அந்த நண்பர்களைத் தெரியாது. "தோள் வரைக்கும் முடி வச்சுண்டு வருவாளே, அவாளா?" என்று சித்தி இன்றும் கேட்கிறார். அவர்களேதான் சித்தி. இப்போது அவர்களில் பாதிப் பேருக்கு முடியே இல்லை.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூரில், சித்ரகுளத்துக்கு அருகே ஒரு வாடகை வீட்டில். கல்லூரியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். மேற்படிப்பு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார் அண்ணன். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேரையும் அந்தச் சம்பளத்தில்தான் காப்பாற்றினார். ஒரு நாள் கூட முகம் சுளித்ததில்லை. அக்காவின் திருமணம் முடிந்த பிறகே தனக்கென்று ஒரு பொருள் வாங்கினார். பெரிய சக்கரங்கள் சுழலும் பழைய டேப் ரெக்கார்டர் அது. பெட்டியோடு தூக்கி வந்தபோது தையல் மிஷின் என்று நினைத்து அம்மா சந்தோஷப்பட்டார்.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் பழக்கமான கப்பல் வயர்லெஸ் அதிகாரி ஒருவர், இங்கிலாந்து ராக் குழு ஒன்றின் ஆல்பத்தை டேப்பில் பதிந்து கொண்டுவந்து கொடுத்தார். குழுவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உச்சரிப்பைத் திருத்த நான்கு பேர் வீடு தேடி வந்துவிடுவார்கள். அவர்களுடைய பாட்டு ஒன்று இருபது நிமிடம் ஓடும். நடுவில் ஆர்கன் தனியாக எங்கோ கிளம்பிப் போகும், தாளம் மாறிக்கொண்டே இருக்கும், பாடகர் திரும்பி வருவதற்குள் காபி ஆறிவிடும். அண்ணனுக்கு அது உயிர்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் நண்பர்கள் வருவார்கள். எங்கள் முன்னறையில் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்காருவார்கள். பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். பேச வேண்டியதையெல்லாம் எழுத வேண்டும். எழுதியவற்றைத் தொகுத்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் ஸ்டென்சிலில் எழுதும் வேலை எனக்கு. அண்ணன் அதை சைக்ளோஸ்டைல் மிஷினில் பிரதி எடுத்து, பெங்களூர் வரைக்கும் அனுப்பிவைப்பார்.

அந்தக் கூட்டத்தில் மாணிக்கம் என்பவரும் இருந்தார். மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். அக்காவின் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வந்து, அண்ணனோடு பேச்சுக் கொடுத்துப் பழகியவர். ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரைக் கேட்டுப் பரிதாபப்பட்டு, தன் கடையிலிருந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து மாட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கதவோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போவார்.

அந்த ஆல்பத்தைப் பற்றி அண்ணன் ஆறு பக்கக் கட்டுரை எழுதினார். கதையை முடிவில் தொடங்கித் தொடக்கத்தில் கொண்டுபோய் முடிக்கும் துணிச்சல் உலகில் வேறு எந்தக் குழுவுக்கு இருக்கிறது என்பது அதன் சாரம். நண்பர்கள் கைதட்டினார்கள். மாணிக்கம் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், டேப்பு மாறிக்கீது. பின்னாடி வர்றதுதான் சார் முன்னாடி வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த இதழில் அண்ணன் ஒரு வரி சேர்த்தார்: கல்யாண வீட்டில் குழாய் கட்டுகிறவர்களுக்கு இந்த நுட்பமெல்லாம் புரிய வேண்டிய அவசியமில்லை. அதை ஸ்டென்சிலில் எழுதியது என் கை. சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மாணிக்கம் தமிழ் நன்றாகப் படிப்பார். மறு ஞாயிறு அவர் வரவில்லை. கடையிலிருந்து ஓர் ஆள் வந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்துப் போனார்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கப்பல் அதிகாரி அசல் இசைத்தட்டையே வாங்கி வந்தார். அதன் அட்டையை ஆசையோடு தடவிப் படித்துக்கொண்டிருந்த அண்ணன், திடீரென்று ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். பாடல்களின் வரிசை அதில் அச்சாகியிருந்தது. டேப்பில் பதிந்தபோது இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை முதலில் போட்டுவிட்டிருக்கிறார்கள். நாங்கள் அத்தனை மாதமும் பின்பாதியை முதலிலும் முன்பாதியைப் பிறகும் கேட்டிருக்கிறோம். அண்ணனின் ஆறு பக்கமும் அந்தப் பிழையின் மேல் கட்டிய கோட்டை.

அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். ஊரெல்லாம் படித்த கட்டுரையாயிற்றே, மானம் போய்விடுமே என்று நான் பயந்தேன். அட்டையை உள்ளே வைத்துவிட்டு, நண்பர்களிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அண்ணன் என்னைக் கோபமாகப் பார்த்தார். "என் மானம் இருக்கட்டும். அந்த மனுஷனை எழுத்துல அவமானப்படுத்தினேனே, அதை மெதுவா சொன்னா தீருமா?" என்றார். இசைத்தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன்.

மாணிக்கம் கடை வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அட்டையை நீட்டி, நீங்கள் சொன்னதுதான் சரி, நான் எழுதியது தப்பு, அதைவிடப் பெரிய தப்பு உங்களைப் பற்றி எழுதியது என்றார். மாணிக்கம் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. உட்காருங்கள் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பாஷை தெரியாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அண்ணன் கேட்டார்.

"இதுல இன்னா சார் கீது? ஒரு மெட்டு மொதல்ல முழுசா வரும். அப்பால துண்டு துண்டா வந்து ஞாபகப்படுத்தும். உங்க டேப்புல துண்டு மொதல்ல வருது. பாக்காத ஆளை யாரு சார் ஞாபகம் வச்சிக்குவாங்க?"

 இதை அப்படியே பத்திரிகைக்கு எழுதித் தாருங்கள் என்று அண்ணன் கேட்டார். தனக்கு எழுத வராது, தன் பேச்சு பத்திரிகைக்கு ஆகாது என்று மாணிக்கம் மறுத்தார். அண்ணன் விடவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி, மாணிக்கம் சொல்லச் சொல்ல ஒரு 'கீது'வைக் கூட மாற்றாமல் எழுதிக்கொண்டார். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அது வந்தது. அதற்கு மேலே அண்ணன் மூன்று வரி எழுதியிருந்தார். தன் ஆறு பக்கமும் தவறு என்றும், மாணிக்கம் சொன்னதே சரி என்றும், அவரைக் கேலி செய்ததற்கு வெட்கப்படுவதாகவும். இரண்டு நண்பர்கள் பத்திரிகையின் கௌரவம் போய்விட்டது என்று வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இதழ் வெளிவந்த மூன்றாவது ஞாயிறு மாணிக்கம் பெட்டிகளோடு வந்தார்.

அண்ணன் பிறகு பதவி உயர்வு பெற்றார், எனக்குத் திருமணம் செய்துவைத்தார், என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார். அலுவலகத்தில் அவரை நேர்மையானவர் என்பார்கள். அந்த நேர்மையை நான் முதலில் பார்த்தது மாம்பலத்துச் சந்தில்தான். இப்படி ஒருவருக்குத் தங்கையாகப் பிறந்ததில் எனக்குக் கர்வமே உண்டு.

கடைசி மூன்று மாதம் அண்ணன் படுக்கையில் இருந்தபோது முறை வைத்து வந்து துணையிருந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கும், சொந்தத் தகப்பனைப் போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், அவர் மறைந்தபின் பதினைந்து நாளும் சாப்பாடு அனுப்பிய எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அவர் எழுதியதில் எதை மலரில் போடலாம் என்று, படுக்கையில் இருந்தபோதே அண்ணனிடம் கேட்டிருந்தேன். மாணிக்கம் பேசிய அந்த முதல் பக்கத்தை மட்டும் போடு, மற்றதெல்லாம் வேண்டாம் என்றார். அது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் மாணிக்கம் அவர்களிடம் காட்டினேன். எண்பதை நெருங்கும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவரு தப்பை நீ ஏம்மா ஊருக்குக் காட்டற? வேணாம்மா, எடுத்துரு," என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் மாணிக்கம் அண்ணே. போட்டுவிட்டேன்.